காளவாய் வளைவில் பனி இருந்தது

வெய்ன்,
மார்ச் 9, ஞாயிறு.

அன்புள்ள லியோனெலுக்கு,

அர்மான் எழுதுகிறேன். பதினைந்து மாதமாக ஒரு வரிகூட எழுதாத மாமனார் திடீரென்று பேனாவை எடுத்திருக்கிறாரே, யாராவது போய்விட்டார்களோ என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மயேல் நன்றாக இருக்கிறாள். இரண்டு ஊன்றுகோல் இப்போது ஒன்றாகிவிட்டது. மருந்துக்கடைக்கு அரை நாள் வேலைக்குப் போகிறாள், உட்கார்ந்து கொடுக்க உயரமான நாற்காலி ஒன்று போட்டிருக்கிறார்கள். படியேறும்போது மட்டும் வலது கால் சொன்னபடி கேட்பதில்லை. கையைக் கொடுத்தால் முறைக்கிறாள். நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். பிரெஸ்ட் துறைமுகத்தில் பளுதூக்கிகளைப் பழுது பார்க்கிறாய் என்று நம் கார் பந்தயச் சங்கத் தலைவர் விகியே சொன்னார். அங்கே எந்நேரமும் மழைதானாமே.

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. பட்டறையில் உன் இடத்துக்கு ஆள் வைக்கவில்லை. உன் வேலையையும் நானே பார்ப்பதால் எந்த வண்டியும் சொன்ன தேதிக்குப் போவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். வெளியூரில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொள்கிறேன்.

நான் இன்னும் அந்தச் சிவப்பு வண்டியைத்தான் ஓட்டுகிறேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கினால் மாமாவுக்குத் தலைகால் புரியாது என்று நீ கேலி செய்தாயே, அதேதான். வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வாரம்கூட ஒரு சாண் பனியில் கணவாய் வரை ஒரே மூச்சில் ஏறியது. வழியில் மூன்று பேர் பனிச்சங்கிலி மாட்டத் தெரியாமல் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவில் மற்றவர்கள் சக்கரத்தைச் சும்மா சுழற்றிக்கொண்டிருக்கும்போது இது பாட்டுக்கு வெளியே வந்துவிடுகிறது. ஈர ரோட்டில் பாதி வளைவிலேயே காலை அழுத்தலாம். இதையெல்லாம் நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஓதியிருப்பேன்! மேஜையில் உருளைக்கிழங்கு கிராத்தான் ஆறி ஏடு கட்டும், நாம் இரண்டு பேரும் கரண்டியைக் கையில் பிடித்தபடி கத்திக்கொண்டிருப்போம். "நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு இன்ஜினைக் கட்டிக்கிட்டிருக்கலாம், எனக்காவது நிம்மதியா இருந்திருக்கும்" என்று மயேல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

உன் பக்கத்து நியாயமும் எனக்கு மறக்கவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி கனம் அதிகம். வளைவில் வேகமாக நுழைந்தால் மூக்கு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும், திருப்பினாலும் கேட்காது. இதைவிட ஒன்று சொல்வாய், எனக்கு ஆத்திரமாக வரும். "இழுக்கத்தான் மாமா நாலு சக்கரம். நிக்கிறதுக்கு எல்லா வண்டிக்கும் அதே நாலுதான். ஏறும்போது உங்களுக்கு வர்ற தைரியம் இறங்கும்போதும் கூடவே வருது பாருங்க, அதுதான் ஆபத்து" என்பாய். அதற்கு நான், "உன் பின்சக்கர வண்டி சரியான வாயாடி மாப்பிள்ளை, ரோட்டுல நாய் ஒண்ணுக்குப் போயிருந்தாக்கூட வாலை ஆட்டும்" என்பேன். நீ சிரித்துக்கொண்டே சொல்வாய்: "ஆட்டட்டுமே. வழுக்குதுன்னு சொல்லத்தானே ஆட்டுது. உங்க வண்டி ஒண்ணுமே சொல்லாம வாயை மூடிக்கிட்டே போகும். அது வாயைத் திறக்கும்போது நீங்க பள்ளத்துல இருப்பீங்க."

கடைசியில் பள்ளத்தின் ஓரத்துக்குப் போனது நானல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வண்டிக் கதையைப் பேசியே இரண்டு பக்கத்தை ஓட்டிவிட்டேன், பார்.

டிசம்பர் பந்தயத்துக்கு முந்தைய வாரம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் பந்தயப் பாதையில் போய், எங்கே பனி, எங்கே ஈரம், எங்கே காய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் முன்வண்டிக்காரன் வேலை எப்போதும் என்னுடையது. பந்தயத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து மயேல் படிக்கும் குறிப்பேட்டில் சிவப்பு மையில் ஏறுவதெல்லாம் என் வாயிலிருந்து வருவது. அந்தச் சிவப்பை நம்பித்தான் நீ காலை அழுத்துவாய். "மாமா, இந்தத் தடவை புது வண்டியை எடுக்காதீங்க. பட்டறையோட பழைய வேன்ல போங்க. பின் சக்கரம் இழுக்கிற வண்டிதான் எங்களுக்கு உண்மையைச் சொல்லும்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். நீ பிறக்கும் முன்பிருந்தே நான் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பாடம் எடுக்காதே என்றேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சங்கத்து ஆட்கள் நாலு பேர் எதிரில், மாப்பிள்ளைக்குத் தன் ஓட்டை வண்டியை விற்க ஆள் கிடைக்கவில்லை, அதனால் எல்லாரையும் பின் சக்கரத்துக்கு மதம் மாற்றுகிறான் என்று சிரிக்க வைத்தேன்.

அன்று காலை என்னோடு வர வேண்டிய பாஸ்கால் காய்ச்சலில் படுத்துவிட்டான். முன்வண்டியில் இரண்டு பேர் போக வேண்டும் என்பது ஏன் என்று உனக்கே தெரியும். வெயில் படாத ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவன் இறங்கி, பூட்ஸ் காலால் ரோட்டைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். அந்த வழக்கத்தை நம் சங்கத்தில் கொண்டுவந்ததே நான்தான். கண்ணை நம்பாதே, ஸ்டீயரிங்கை நம்பாதே, காலை நம்பு என்று இருபது வருடமாக எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். தனியாகப் போனால் ஒவ்வொரு வளைவிலும் நானே பெல்ட்டை அவிழ்த்து இறங்க வேண்டும். முதல் ஆறு வளைவில் இறங்கினேன். அதன் பிறகு இறங்கவில்லை. வெளியே மைனஸ் ஏழு. உள்ளே கதகதப்பு. பனியைக் கடிக்கும் ஆணி டயர் வேறு போட்டிருந்தேன், வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போனது. காளவாய் வளைவில், பழைய சுண்ணாம்புக் காளவாய்ச் சுவரிலிருந்து ஊற்று கசியும் என்று இந்தப் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அங்கேயும் நான் இறங்கவில்லை. வண்டி கொஞ்சம்கூட அசையவில்லை. அப்போது எனக்குள் வந்த நினைப்பையும் சொல்லிவிடுகிறேன். பார்த்தாயா மாப்பிள்ளை, உன் வேன் இங்கே வாலை ஆட்டி ஊரைக் கூட்டியிருக்கும், என் வண்டி எப்படிப் போகிறது பார் என்று நினைத்துக்கொண்டேன். மேலே போய் மயேலுக்கு போன் செய்தேன். "காளவாய் வளைவு காஞ்சு கிடக்கும்மா. முழுசா அழுத்திப் போகலாம்" என்றேன்.

அவள் அதை அப்படியே எழுதினாள். அப்படியே படித்தாள். நீ அப்படியே ஓட்டினாய். உங்கள் இருவர் மேலும் எள்ளளவும் தப்பில்லை.

செய்தி கேட்டு நான்தான் முதலில் அங்கே வந்தேன். உன் வண்டி வலது பக்கமாகக் கைப்பிடிச் சுவரில் அறைந்து, சற்று விலகி நின்றிருந்தது. நீ அவள் பக்கத்துக் கதவைப் பிடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தாய். என் கதவைத் திறந்து இறங்கி ஓட அடியெடுத்து வைத்தேன், அந்த முதல் அடியிலேயே விழுந்தேன். இரண்டு உள்ளங்கையும் தரையில். ரோட்டின் நிறத்திலேயே பனி, விரல் நகத்தளவு கனம். அதன் மேல் என் ஆணி டயர்களின் கீறல்கள் இருந்தன. நான்கு வரிசை, காலையில் நான் போன தடம். ஆக, நான் போனபோதே அங்கே பனி இருந்தது. பிறகு உறைந்தது என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை. நீ திரும்பிப் பார்க்கவில்லை, உனக்கு அவளைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. பத்து மணிக்கு வெயில் வந்தது. கீறலும் போயிற்று, பனியும் போயிற்று. அவளை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது உன் வண்டியின் தரையில் கிடந்த குறிப்பேட்டை எடுத்து என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பத்திரமாக வைக்கத்தான் எடுத்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மற்ற பந்தயக்காரர்களுக்கு அவரவர் முன்வண்டி சொன்ன குறிப்பில் எல்லாம் அந்த வளைவில் பனி என்று எழுதியிருந்தது. எல்லாரும் அங்கே நத்தை வேகத்தில் போயிருந்தார்கள். ஆகவே ஆஸ்பத்திரி வராந்தாவில் விகியே என்னைப் பார்த்து, காளவாயில் பனி இருக்கிறது என்று சொல்லவில்லையா என்று கேட்டபோது, நான் யோசிக்கக்கூட இல்லை. "சொன்னேனே! தெளிவாச் சொன்னேனே அவகிட்ட!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாகக் கத்தினேன், நர்ஸ் வந்து அதட்டினாள். நீ சுவரோரம் நின்றிருந்தாய், சட்டை முழுக்க அவள் ரத்தம். நீ என்னையே பார்த்தாய். அவள் "காய்ந்தது" என்று படித்ததை உன் காதால் கேட்டவன் நீ. மாமா பொய் சொல்வார் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அவள்தான் தப்பாக எழுதிவிட்டாள் என்று நினைத்துவிட்டாய். பிறகு, "அவ பனின்னு சரியாத்தான் படிச்சா மாமா. நான்தான் காலை எடுக்கல" என்றாய்.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, லியோனெல். கண் விழிக்காத பெண்டாட்டி மேல் பழி வரக்கூடாதென்று நீ அதைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொண்டாய். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. "நாலு சக்கரம் இழுக்கிற வண்டி வாங்குடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? உன் திமிருக்கு என் பொண்ணு காலு!" என்று உன்னை அத்தனை பேர் முன்னிலையில் பேசினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். சங்கம் உன்னை மூன்று வருடத்துக்கு விலக்கியபோதும் நான் கையைத் தூக்கினேன். இப்போது இதை எழுதும்போது காது மடல் எரிகிறது. கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்வதை விட்டு ரொம்ப நாளாகிறது. தாடி நன்றாக இருக்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள்.

மயேலுக்கு அந்த நாள் முழுவதும் நினைவில் இல்லை. காலையில் காபி குடித்தது வரை இருக்கிறது, அதன் பிறகு வெறுமை. நீ சொன்னதைத்தான் அவள் உண்மை என்று வைத்திருக்கிறாள். காலுக்காக அவள் உன்னை விட்டுப் பிரியவில்லை. அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. "கால் போனா போகட்டும்பா. என் குரலைக் கேட்டும் அவன் காலை எடுக்கலையே. ஏழு வருஷம் பக்கத்துல உக்காந்து படிச்சேன், என் பேச்சுக்கு அவ்வளவுதானா மதிப்பு?" என்று ஒரு நாள் கேட்டாள். நான் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கிண்டிக்கொண்டே இருந்தேன்.

வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதம் உனக்கும் வந்திருக்கும். வந்த நாளிலிருந்து பதினைந்து நாள் யோசித்த பிறகே கையெழுத்துப் போடலாமாம். அவளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

ஆகவே உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவளை போனில் கூப்பிடு. அந்த வளைவைப் பற்றிப் பேசவே வேண்டாம். கையெழுத்துப் போடாதே என்று மட்டும் சொல். உன் குரலைக் கேட்டால் மனசு மாறிவிடுவாள், அவளைப் பெற்றவன் எனக்குத் தெரியும். நான் இதில் எழுதியிருப்பது நம் இருவருக்குள் இருக்கட்டும். எனக்கு அறுபத்து மூன்று வயது, அவளைத் தவிர எனக்கு யாரும் இல்லை. அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டால் நான் என்ன செய்வேன்?

மார்ச் 11, செவ்வாய்.

மேலே உள்ள கடைசிப் பத்தியை ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். இன்று படித்தபோது அந்தத் தாளை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று எடுத்துக்கொண்டு எழுந்தேன். பிறகு போடவில்லை. இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகும் உன்னையே மறுபடியும் பொய் சுமக்கச் சொல்கிறேன் பார். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிய அந்தத் தாள் இருக்கட்டும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மயேலை மருந்துக்கடையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். வண்டியில் ஏறி, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு பெல்ட்டைப் போட்டாள். பாலம் தாண்டியதும், "அப்பா, ஒண்ணு கேக்கவா? மறைக்காமச் சொல்லணும்" என்றாள். "அந்தக் குறிப்பை நான் தப்பா எழுதியிருப்பேனோ? இல்ல, வரி மாத்திப் படிச்சிருப்பேனோ? லியோனெல் அப்படிக் கேக்காமப் போற ஆள் இல்லப்பா. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். தப்பு என்னோடதா இருந்து, அவன் எனக்காக மறைக்கிறானோன்னு தோணுது" என்றாள்.

பாதி உண்மையை அவளே கண்டுபிடித்துவிட்டாள், பார். மீதிப் பாதி அவளுக்குப் பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "நீ சரியாத்தான் எழுதினம்மா, சரியாத்தான் படிச்ச" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் இதுவரை நான் சொன்ன பொய்களிலேயே அதுதான் பெரியது என்று தோன்றியது. அவள், "அப்போ அவன் நெஜமாவே கேக்கலைதான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முன்பு உன்னை இழந்தாள். இப்போது தன் மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். இரண்டுக்கும் நான் ஒருவனே காரணம். நான் வாயைத் திறக்காமல் வண்டியை நேராக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை பட்டறைக்குப் போய், கியர் எண்ணெய்த் தகரங்களுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்த குறிப்பேட்டை எடுத்தேன். பதினைந்து மாதத்தில் அதைத் திறந்து பார்த்ததில்லை. முப்பத்து நாலாம் பக்கம். "காளவாய், இடது" என்று அவளுடைய கறுப்பு மை. பக்கத்தில் சிவப்பில் "காய்ந்தது. முழுசாக. அப்பா." முடிவில் என் பெயரையும் போட்டிருக்கிறாள். எழுதியவள் தான் என்றாலும், சொன்னவர் அப்பா என்று காட்ட. அதற்குக் கீழே உனக்காகச் சின்னதாக ஒரு சிரித்த முகமும் வரைந்திருக்கிறாள்.

விகியேவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இன்றே தபாலில் சேர்த்துவிட்டேன். இதில் உள்ளது எல்லாம் அதிலும் இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் மேல் போட்ட தடையை எடுப்பதோடு நில்லாமல், என்னை முன்வண்டி வேலையிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிடவும் கேட்டிருக்கிறேன். அது எளிதாக இருந்தது. ஊர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம்.

கடினமானது இனிமேல்தான். உன் முகவரி என்னிடம் இல்லை. வக்கீல் காகிதத்தில் இருக்கும், அது மயேலின் இழுப்பறையில் இருக்கிறது. அவள் கடையில் இருக்கும் நேரத்தில் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கலாம். கைப்பிடியில் கை வைத்தும் விட்டேன். அவளுக்குச் சொந்தமான காகிதம் ஒன்றை அவளுக்குத் தெரியாமல் எடுத்துவைத்தது போதும் என்று கையை எடுத்துவிட்டேன். ஆகவே உறையை ஒட்டவில்லை. மதியம் அவள் வந்ததும் இந்தக் கடிதத்தையும் குறிப்பேட்டையும் அவள் முன்னால் மேஜை மேல் வைத்து, படித்துவிட்டு உன் முகவரியை எழுதி அனுப்பச் சொல்லப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தாளும் உள்ளேதான் இருக்கும். அவள் படிக்கும் வரை அறையை விட்டுப் போகமாட்டேன். எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

அதன் பிறகு அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அனுப்பாமலே விடலாம். என் முகத்தில் வீசலாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். எதைச் செய்தாலும் அது அவள் உரிமை. ஆனால் இதை நீ இப்போது படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், உறையின் மேல் உன் பெயரை எழுதியது அவள் கை. அதைத் திருப்பி ஒருமுறை பார்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். மன்னிப்பையும் கேட்கவில்லை, அதைக் கேட்க இன்னும் வாய் வரவில்லை. அவளுக்கு எழுது. சேர்ந்து இருந்தாலும் பிரிந்து போனாலும் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் பிரிவதானால் உங்கள் காரணத்துக்காகப் பிரியுங்கள். என் காரணத்துக்காக வேண்டாம்.

அவள் வரும் சத்தம் கேட்கிறது. ஊன்றுகோல் படியில் படுகிறது.

இப்படிக்கு,
அன்று வண்டியை விட்டு இறங்காத
அர்மான் எஸ்கலியே